நெகடிவ்வில் கை வைக்காதீர்கள்



கத்திரி தொடங்கிவிட்டது. அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்திறங்கி, வருஷம் முழுக்க அமைதியாக இருந்த வீடுகள் எல்லாம் கலகலவென்று இருக்கின்றன. வைகாசி முகூர்த்தங்கள் வேறு நெருங்குகின்றன. எல்லார் கையிலும் போன், எல்லாப் போனிலும் வீடியோ. அவற்றையெல்லாம் சேர்த்து வெட்டி ஒட்டி, குடும்பம் உட்கார்ந்து பார்க்கும்படி ஒரு மணி நேரப் படமாக்க நம் வாசகர்கள் பலர் முயன்றுகொண்டிருப்பது அண்மைக் கடிதங்களில் தெரிகிறது.

மந்தைவெளி வாசகி ஒருவர் மாமனார், மாமியாரின் சதாபிஷேகத்தைத் தானே எடிட் செய்திருக்கிறார். 'எக்ஸ்போர்ட்' என்று அழுத்தினால் இரவெல்லாம் ஓடுகிறதாம், விடிந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கிறதாம். எம்.ஆர்.சி. நகர் வாசகருக்கு நேர்ந்தது இன்னும் வேதனையானது. மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தை ஆபீஸ் விட்டு வந்து இரவுகளில் உட்கார்ந்து தொகுத்திருக்கிறார். ஒரு நாள் காலை ப்ராஜெக்ட்டைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. 'மீடியா ஆஃப்லைன்' என்ற எழுத்தைத் தவிர ஒன்றுமில்லை.

இருவருக்கும் தனியாகப் பதில் போய்விட்டது. ஆனால் இது இரண்டு பேரின் பிரச்சினை இல்லை என்பதால் இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன். வீட்டு வீடியோ எடிட் செய்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. அவர்கள் செய்வதற்குச் சம்பளம் கிடையாது. பார்க்கப் போகிறவர்கள் முப்பது நாற்பது பேர். இருந்தும் பாட்டியின் சிரிப்பு அரை விநாடி முன்னால் அறுபடக் கூடாது என்பதற்காக நள்ளிரவில் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்த உழைப்பு வீணாகக் கூடாது.

நம் அலுவலகம் இருக்கும் இதே ராஜா அண்ணாமலைபுரத்தில்தான் இதற்கான பாடமும் இருக்கிறது. துர்காபாய் தேஷ்முக் சாலையில் இன்று டாக்டர் எம்.ஜி.ஆர். ஜானகி மகளிர் கல்லூரி இருக்கும் வளாகம் ஒரு காலத்தில் சத்யா ஸ்டூடியோ. அதற்கும் முன்பு அது நெப்டியூன் ஸ்டூடியோவாக இருந்தது, ஜூபிடர் பிக்சர்ஸ் அங்கே படமெடுத்தது. பிறகு எம்.ஜி.ஆர். கைக்கு வந்து, அவருடைய தாயார் சத்யபாமாவின் பெயரைத் தாங்கியது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் எடிட்டிங் ரூம் எப்படி இயங்கியது என்று தெரிந்தால், இன்றைய லேப்டாப் சிக்கலில் பாதி விளங்கிவிடும்.

கேமராவில் ஓடிய நெகடிவ்வை எடிட்டர் தொடவே மாட்டார். அது லேபில் பத்திரமாக இருக்கும். அதிலிருந்து 'ரஷ் பிரிண்ட்' என்று ஒரு சாதாரணப் பிரதி போட்டு வாங்கி, அதைத்தான் மூவியாலா என்ற எடிட்டிங் இயந்திரத்தில் ஓட்டி, வெட்டி, ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டுவார்கள். அந்தப் பிரதியில் கீறல் விழுந்தாலும் கவலையில்லை. பிலிமின் ஓரத்தில் அடிக்கு ஓர் எண் அச்சாகியிருக்கும். 35 மி.மீ. பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். எங்கே வெட்டு, எங்கே ஒட்டு என்பதெல்லாம் முடிவான பிறகு, நெகடிவ் கட்டர் அந்த எண்களைப் பார்த்து நெகடிவ்வை வெட்டுவார், ஒரே ஒரு முறை. அதன்பிறகுதான் தியேட்டர் பிரதிகள்.

ஆக, மூலம் ஒன்று, எடிட்டரின் முடிவுகள் ஒன்று, முடிந்த படம் ஒன்று. மூன்றும் மூன்று தனிப் பொருட்கள், இருந்த இடமும் வேறு வேறு. இன்றைய எடிட்டிங் மென்பொருள் எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது இதே ஏற்பாடுதான். 1989-இல் அவிட் என்ற கணினி எடிட்டிங் முறை வந்தபோதும் அப்படித்தான். அன்றைய ஹார்டு டிஸ்க்கில் இடம் போதாது என்பதால் மங்கலான சிறு பிரதியைக் கணினியில் ஏற்றி எடிட் செய்தார்கள், கடைசியில் அந்த முடிவுகளை நெகடிவ்வுக்குக் கொண்டுபோனார்கள். அவிட்டில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்று சொல்லப்படுவது நம் ஊரின் 'மகாநதி' (1994). வீட்டில் நாம் படும் பாட்டுக்கெல்லாம் காரணம், இந்த மூன்றும் ஒரே திரையில் ஒன்றாகத் தெரிவதுதான். திரையில் ஓடுவதைப் பார்த்து, வீடியோ உள்ளே இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

முதலில் மந்தைவெளி அம்மாவின் பிரச்சினை. ஏன் இத்தனை நேரம்?

போன் எடுக்கும் வீடியோ இறுக்கிச் சுருட்டப்பட்டது. ஐபோன்கள் 2017 முதல் எச்.இ.வி.சி. என்ற முறையில் பதிகின்றன. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் அது உண்டு. இந்த முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. எங்கோ ஒன்று முழுப் படம், அடுத்து வருவதெல்லாம் முந்தையதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும். மளிகைக் கடைப் பற்று நோட்டில் மாதத் தொடக்கத்தில் மட்டும் பாக்கியை எழுதி, மற்ற நாட்களில் வரவு செலவை மட்டும் குறித்து வைத்தது போல. பதினேழாம் தேதி நிலுவை என்ன என்று கேட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தைத் தொடும்போதெல்லாம் கணினி அந்தக் கணக்கைப் போடுகிறது. பார்ப்பதற்குச் சிக்கனமான ஏற்பாடு, எடிட் செய்வதற்குப் பெரும் சுமை. இதை அவிழ்ப்பதற்கென்றே தனிச் சில்லு இருக்கும் கணினிகள் சிரமமில்லாமல் செய்யும். 2015-க்கு முந்தைய லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் எச்.இ.வி.சி.க்கு அந்த வசதி கிடையாது. அதோடு 4கே வேறு. எச்.டி. ஃபிரேமில் சுமார் 20 லட்சம் புள்ளிகள் என்றால் 4கே ஃபிரேமில் சுமார் 83 லட்சம்.

எடிட் செய்யும்போது ஏற்படும் இந்தச் சுமைக்கு மருந்து ரஷ் பிரிண்ட்டேதான். இன்று அதை 'ப்ராக்ஸி' என்கிறார்கள். டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ், பிரீமியர் எல்லாவற்றிலும் உண்டு. மென்பொருளே சிறிய, எளிதில் அவிழும் பிரதிகளைத் தயாரித்துக்கொண்டு, எடிட் முழுவதையும் அதில் செய்யவிட்டு, எக்ஸ்போர்ட் நேரத்தில் மட்டும் மூலத்துக்குப் போகும். தயாரிக்க ஒரு இரவு ஆகலாம். தூங்கும் நேரத்தில் ஓடட்டும், அடுத்த நாள் முதல் கை தடுக்காமல் வேலை நடக்கும். புது லேப்டாப் வாங்கும் முன் இதைச் செய்து பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ரிச்சி தெருவின் கணினிக் கடைகளுக்குப் போய் எழுபதாயிரம் செலவழித்துவிட்டு, அதற்குப் பிறகு இந்த வசதியைத் தெரிந்துகொள்வதில் என்ன பயன்?

ரிச்சி தெருவுக்குப் போகத்தான் வேண்டுமென்றால் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். பழைய ஹார்டு டிஸ்க் விநாடிக்கு நூறு, நூற்றைம்பது எம்.பி. படிக்கும், சாதாரண எஸ்.எஸ்.டி.யே ஐந்நூறு படிக்கும். பழைய யு.எஸ்.பி. 2.0 துளையில் செருகிய டிஸ்க் என்றால் முப்பது நாற்பதைத் தாண்டாது. பென் டிரைவிலிருந்து நேரடியாக எடிட் செய்யவே செய்யாதீர்கள்.

எக்ஸ்போர்ட் பாதியில் நின்றதற்கு அந்த அம்மா எழுதியிருந்த ஒரு விவரமே விடை சொல்லிவிட்டது: எப்போதும் 4 ஜி.பி.யில் நிற்கிறதாம். அவர் சேமிக்கும் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் அமைந்தது. அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. உள்ளே 64 ஜி.பி. காலியிடம் இருந்தாலும் முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. மாற்றும்போது டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், முன்பே வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்போர்ட் மெதுவாக ஓடுவதற்குச் சென்னைக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. வெப்பம். பிராசஸர் நூறு டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரியில், மெத்தை மேல் வைத்த லேப்டாப்பில், காற்றுத் துளை போர்வையில் அடைபட்டிருந்தால், எக்ஸ்போர்ட் ஆமை வேகத்தில்தான் நகரும். மேசை மேல் வைத்து, பின்பக்கத்தைச் சற்றே உயர்த்தி, ஃபேனுக்கு அடியில் இரவு பத்து மணிக்கு மேல் ஓட விடுங்கள். பேட்டரியில் ஓட்டாதீர்கள், சார்ஜரைச் செருகி வையுங்கள். அதோடு, நடுங்கிய காட்சியை நிலைப்படுத்துவது, இருட்டில் எடுத்ததன் புள்ளிகளை நீக்குவது போன்ற எஃபெக்ட்டுகள்தான் நேரத்தை விழுங்குபவை. அவற்றை எல்லா கிளிப்புக்கும் தாராளமாகப் போடாமல், தேவையான இடத்துக்கு மட்டும், கடைசியில் போடுங்கள்.

அரங்கேற்ற வீடியோக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பகுதியில் அது இல்லாத குடும்பம் அரிது. தொடக்கத்தில் ஜதியும் காலும் பொருந்தி இருக்கும், வர்ணம் முடிவதற்குள் மிருதங்க ஒலி முன்னால் போய்விடும், பாதம் பின்னால் விழும். கணினி மெதுவாக இருப்பதால் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், போன் கேமரா விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. மேடை விளக்கு மங்கினால் 30-இலிருந்து 24-க்கு இறங்கும் போன்கள் உண்டு. எடிட்டிங் மென்பொருளோ சீரான கணக்கை எதிர்பார்க்கிறது, ஒலி விலகுகிறது. எடிட் செய்யும் முன்பே அந்த வீடியோவை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, மாறாத ஃபிரேம் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது, போனில் தானாக ஃபிரேம் குறைக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டபத்து விளக்குகள் வீடியோவில் துடிப்பது போலத் தெரிந்தால் 25 ஃபிரேமில் எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். நாட்டியம் ஆடிய பெண்ணின் வருடக்கணக்கான பயிற்சி அந்தக் காலடியில்தான் இருக்கிறது. அது தாளத்தில் விழுந்ததைத் தாளத்திலேயே காட்ட வேண்டும்.

இனி, காணாமல் போன எடிட்.

எம்.ஆர்.சி. நகர் வாசகருக்கு முதலில் சொன்னது: பதறாதீர்கள், ஒன்றும் அழியவில்லை. ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ கிடையாது. இன்ன ஃபைல் இன்ன இடத்தில் இருக்கிறது, அதில் இந்த விநாடியிலிருந்து அந்த விநாடி வரை எடு என்ற குறிப்புகள் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் இரவெல்லாம் செய்த வேலை சில நூறு கே.பி.யில் அடங்குகிறது. அவர் வீட்டில் யாரோ டெஸ்க்டாப்பை ஒழுங்குபடுத்த, வீடியோ ஃபோல்டர் வேறிடத்துக்குப் போயிருக்கிறது. மென்பொருளில் 'ரீலிங்க்' செய்து புது இடத்தைக் காட்டியதும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கிளவுட் சேமிப்பும் இதே வேலையைச் செய்யும். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டர்கள் ஒன்டிரைவில் இணைந்திருந்தால், இடம் போதாதபோது ஃபைல் இணையத்தில் மட்டும் இருந்துகொண்டு, இங்கே அதன் பெயர் மட்டும் தெரியும். எடிட் செய்யும் வீடியோக்களை அங்கே வைக்காதீர்கள். ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் வீடியோ, பாட்டு, புகைப்படம் எல்லாம், முதல் நாளே. பிறகு பெயர்கூட மாற்றக் கூடாது.

எல்லோருக்கும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. ரிசால்வ் தன் ப்ராஜெக்ட்டுகளைத் தனி ஃபைலாக வைக்காது, தன்னுடைய டேட்டாபேஸுக்குள் வைத்துக்கொள்ளும். வீடியோக்களை மட்டும் காப்பி செய்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றியவர்கள் எடிட்டை இழந்திருக்கிறார்கள். ப்ராஜெக்ட்டைத் தனியாக எக்ஸ்போர்ட் செய்து வைப்பது ஒரு நிமிட வேலை. போன் ஆப்களில் ஆபத்து இன்னும் அதிகம். எடிட் ஆப்புக்குள்தான் இருக்கும், இடம் வேண்டும் என்று ஆப்பை நீக்கினால் எடிட்டும் போய்விடும். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் விவா வீடியோவும் இருந்தது. அதில் பாதி எடிட் வைத்திருந்தவர்கள் நிலையை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதன் ப்ராஜெக்ட் ஃபைல்கள் இன்னும் பலர் கணினியில் கிடக்கின்றன, திறக்கத்தான் எளிய வழியில்லை. வீடியோவாக எக்ஸ்போர்ட் செய்து வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

மின்வெட்டு இன்னொரு எதிரி. எம்பி4 ஃபைலில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். 98 சதவீதம் எக்ஸ்போர்ட் ஆனபோது கரண்ட் போனால், அத்தனை ஜி.பி. டிஸ்க்கில் இருந்தும் ஃபைல் திறக்காது. டெஸ்க்டாப் கணினியில் எடிட் செய்பவர்களுக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். கட்டாயம். தானாகச் சேமிக்கும் வசதியில் இடைவெளியை ஐந்து நிமிடமாக வைத்து, பழைய பிரதிகளையும் வைத்திருக்கும்படி அமைத்துவிடுங்கள். ஃபைல் கெட்டுவிட்டால் கெட்ட ஃபைலையே திரும்பத் திரும்பத் திறக்காமல், ஆட்டோ சேவ் ஃபோல்டரிலிருந்து நேற்றையதை எடுக்கலாம். மெமரி கார்டில் தவறி அழித்துவிட்டால், அந்த நொடியே கார்டை வெளியே எடுங்கள். மேலே வேறொன்று எழுதப்படாதவரை ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள் பெரும்பாலும் மீட்டுவிடும். கணினிக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.யில் அந்த நம்பிக்கை மிகக் குறைவு.

பிரதி எடுப்பதைப் பற்றி எழுதும்போது 2015 டிசம்பரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அடையாற்று வெள்ளம் கரையோரத் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்தபோது, மேசை நாற்காலிகளை விட மக்கள் அழுதது கல்யாண ஆல்பத்துக்காகவும் கேசட்டுகளுக்காகவும்தான். பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள், ஆனால் எல்லாப் பிரதிகளும் ஒரே பீரோவில். புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இதற்குத்தான்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். 1998-இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதி தவறான ஒரு கட்டளையால் அழிந்தது, அலுவலக பேக்கப்பும் கைகொடுக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்ததால் படம் பிழைத்தது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) அப்படிப் பிழைக்கவில்லை, இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. நம் குடும்பங்களோ ஊர் ஊராகப் பரவிக் கிடக்கின்றன. கோயம்புத்தூர் பெரியப்பா வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க், நியூ ஜெர்சி மகனிடம் ஒன்று என்று கொடுத்து வைக்க நமக்கு ஆள் பஞ்சமில்லை. இந்த விடுமுறை முடிந்து விமானம் ஏறும் முன் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பெட்டியில் ஒன்றை வைத்து அனுப்புங்கள். அந்த டிஸ்க்கில் மூன்றும் இருக்கட்டும்: போனில் எடுத்த மூலம், ப்ராஜெக்ட் ஃபைல், முடிந்த படம். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்ததை மூலம் என்று எண்ண வேண்டாம். எடுத்தவர் போனிலிருந்தே வாங்குங்கள்.

வி.எச்.எஸ். கேசட்டுகள் வைத்திருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. மிச்சமிருக்கும் இயந்திரங்களும் வருஷா வருஷம் குறைகின்றன. கேசட்டின் சன்னல் வழியே நாடாவின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அதை வி.சி.ஆரில் போடாதீர்கள். நாடாவும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை தொற்றும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ராஜா அண்ணாமலைபுரம், மந்தைவெளி, மயிலாப்பூர் பக்கம் நன்றாக ஓடும் வி.சி.ஆர். வைத்திருந்து, நாலு குடும்பத்துக்கு உதவ மனமுள்ளவர்கள் நமக்கு ஒரு கார்டு போடுங்கள். கேசட் வைத்திருப்பவர்களும் எந்த வருஷத்தது, எத்தனை இருக்கிறது என்று எழுதுங்கள். இரு தரப்பையும் சேர்த்து வைக்கும் வேலையை அலுவலகத்தில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். மழைக்காலம் வருவதற்குள் முடித்துவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்